பெஞ்சில் வந்த மோதிரம்

ஜோனதன் தர்ஸ்டன் ஆஸ்திரேலிய ரக்பி லீக் கண்ட மிகச் சிறந்த ஹாஃப்பேக்குகளில் ஒருவர். 2002 முதல் 2018 வரை அந்நாட்டின் முதல்நிலைப் போட்டியான என்ஆர்எல்-இல் 323 ஆட்டங்கள் ஆடினார். ஆண்டின் சிறந்த வீரருக்கான டேலி எம் பதக்கத்தை நான்கு முறை வாங்கினார். அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் முதல் 29 ஆட்டங்களை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். சிட்னியின் புல்டாக்ஸ் கிளப்பில் இடம் கிடைத்தும் கிடைக்காமலும் போன மூன்று பருவங்கள் அவை. ஒருவர் கைக்கு வருவதெல்லாம் அவருக்கு உரியதுதானா என்ற கேள்வியை அவர் நேருக்கு நேர் சந்தித்தது அந்த மூன்று பருவங்களிலும் அதற்கு அடுத்த ஒன்றிலும்தான்.

ஆட்டத்துக்கே இந்தக் கேள்வி பழையது. 19-ஆம் நூற்றாண்டின் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியை ஈடுகட்ட அனுமதி வேண்டும் என்று அவர்களுடைய கிளப்புகள் கேட்டன. காசு வாங்கிக்கொண்டு ஆடுவது ஆட்டத்துக்கே இழுக்கு என்று, கூலி நாள் என்றால் என்னவென்று அறியத் தேவையில்லாத நிர்வாகிகள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கிளப்புகள் தனியே பிரிந்தன. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். காலப்போக்கில் 15 பேர் ஆட்டம் 13 பேர் ஆட்டமாயிற்று, விதிகளும் மாறின. 1908-இல் சிட்னியில் போட்டிகள் தொடங்கின. அங்கேயும் தொழிலாளர் குடியிருப்புகளில்தான் அது முதலில் ஊன்றியது.

விதிகளில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவை விளங்கிவிடும். பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து வீழ்த்துகிறது. கபடியில் பிடி போடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாக இருக்காது. கபடியில் பிடிபட்டவர் வெளியே போகவேண்டும். இங்கே எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இப்படி ஆறு முறை பிடிபடலாம். ஆறாவது பிடியோடு பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் யாராவது பந்தை உதைத்தாக வேண்டும். எங்கே உதைப்பது, எவ்வளவு உயரம், உதைக்காமல் கையாலேயே கொடுத்துப் பார்ப்பதா என்பதையெல்லாம் ஓரிரு விநாடிகளில் முடிவு செய்பவர் 7-ஆம் எண் சட்டை அணியும் ஹாஃப்பேக். அவருக்குத் துணை 6-ஆம் எண், ஃபைவ்-எய்த். ஓர் அணியில் இந்த வேலைக்கு இரண்டே நாற்காலிகள். முன்வரிசை வீரர் ஒருவர் களைத்தால் இன்னொருவர் உள்ளே வருவார், களைப்பு நீங்கியதும் முன்னவர் திரும்புவார். ஹாஃப்பேக்கை அப்படி மாற்றுவது அரிது. நல்ல ஹாஃப்பேக் இருக்கும் கிளப்பில் இன்னொரு நல்ல ஹாஃப்பேக்குக்கு வேலையே இல்லை.

தர்ஸ்டன் 1983 ஏப்ரல் 25 அன்று பிரிஸ்பேனில் பிறந்தார். தந்தை நியூசிலாந்துக்காரர். தாய் வழியில் குயின்ஸ்லாந்தின் குங்காரி பழங்குடியைச் சேர்ந்தவர். நகரின் தெற்கே சன்னிபேங்க் பகுதியின் இளையோர் அணியில் ஆடத் தொடங்கி, பிறகு மேற்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் மலைமேல் இருக்கும் டூவூம்பாவுக்குப் போய் செயின்ட் மேரீஸ் கல்லூரிப் பள்ளியில் படித்தார். ஆட்டம் இருந்தது, உடம்புதான் இல்லை. ஒல்லியான பையன். மோதி வீழ்த்துவதே ஆட்டம் என்னும்போது, ஆள் தேடி வரும் கிளப்புகளின் கண் முதலில் தோள் அகலத்தில்தான் விழும். அவர் பிறந்த நகரத்தின் பெரிய கிளப்பான பிராங்கோஸ் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. வேறு கிளப்புகளும் ஆள் சிறிது என்று ஒதுக்கின.

பின்னால் நடந்தது தெரிந்தவர்களுக்கு அந்தத் தேர்வாளர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அது நியாயமில்லை. 16 வயதில் இரண்டு பையன்களை அருகருகே நிறுத்தினால் ஒருவன் வளர்ந்து முடித்திருப்பான், மற்றவன் அப்போதுதான் தொடங்கியிருப்பான். இன்று யார் வெல்வார் என்று சொல்வதற்குத் தோளும் தொடையும் நல்ல அளவுகோல்; ஐந்து ஆண்டு கழித்து யார் வெல்வார் என்பதற்கு மோசமான அளவுகோல். தேர்வாளரிடம் கேட்கப்படுவது இரண்டாவது கேள்வி, அவர் கையில் இருப்பது முதல் கேள்விக்கான விடை. கூட்டம் நெருக்கும் ஒரு நொடியில் எங்கே இடைவெளி திறக்கும் என்பதை முன்கூட்டியே காணும் திறமையை எந்தத் தராசிலும் நிறுத்த முடியாது. ஒதுக்கப்பட்டவர்களில் மிகப் பலர் சரியாகவே ஒதுக்கப்பட்டவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் வார நாளில் மின்வேலையோ கட்டட வேலையோ பார்த்துக்கொண்டு, வார இறுதியில் ஊர் அணிக்கு ஆடிக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதப்போவதில்லை. ஒதுக்கப்பட்டதே ஒருவரை உயர்த்தியது என்று பேசும் மேடைப் பேச்சுகளில் இந்தப் பெரிய கூட்டம் எப்போதும் விடுபட்டுப்போகிறது.

புல்டாக்ஸ் அவருக்குக் கதவைத் திறந்தது. தென்மேற்கு சிட்னியின் பெல்மோரில் வேர் கொண்ட பழைய கிளப் அது. கீழ்நிலை அணிகளில் ஆடிய தர்ஸ்டன் 2002 பருவத்தில் முதல்நிலை அணிக்கு வந்தார். ஒரு புதுமுகம் நுழைவதற்கு அதைவிட நல்ல ஆண்டு அமையாது என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். அணி தொடர்ந்து 17 ஆட்டங்களை வென்று பட்டியலின் உச்சியில் இருந்தது. ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. ஒரு கிளப் தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற சம்பள உச்சவரம்பை நிர்வாகம் மறைமுகமாக மீறிவந்தது அம்பலமாயிற்று. கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம். அதோடு 37 புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற கணக்கில், பருவம் முழுவதும் அடிபட்டு மிதிபட்டுச் சேர்த்தது ஒரே நாளில் கரைந்தது. முதலிடத்தில் இருந்த அணி கடைசி இடத்தில் முடித்தது.

தண்டனை சரியானதே. சம்பள வரம்பு இல்லாவிட்டால் பணக்காரக் கிளப்புகள் நல்ல வீரர்களையெல்லாம் வளைத்துப்போட்டுவிடும், போட்டிக்கு அர்த்தமே இருக்காது. அதிகமாகக் கொடுத்துச் சேர்த்த அணியின் வெற்றியில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அலுவலக அறையில் நடந்த கணக்கு வழக்கில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு புதுமுகத்துக்கு அந்த ஆண்டு சொல்லிக்கொடுத்தது கடுமையான பாடம். களத்தில் வென்றதைக் காகிதத்தில் இழக்கலாம். வென்ற ஆட்டங்கள் நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மூக்கு உடைந்தவருக்கு மூக்கு உடைந்ததுதான். பட்டியலில் மட்டும் அவற்றுக்கு மதிப்பில்லை.

அடுத்த இரண்டு பருவங்களும் காத்திருப்பில் போயின. 7-ஆம் எண் சட்டை பிரென்ட் ஷெர்வினிடம் இருந்தது, 6-ஆம் எண் பிரெய்த் அனாஸ்டாவிடம். இருவருமே இளைஞர்கள், இருவருமே நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் உதைக்கும் வேலையாவது கிடைக்குமா என்றால், அங்கே லெபனானில் பிறந்து சிட்னியில் வளர்ந்த ஹஸீம் எல் மஸ்ரி இருந்தார். 2004 பருவத்தில் மட்டும் 342 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்தவர் அவர். பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. ஆகவே தர்ஸ்டன் யாருக்காவது அடிபட்டால் உள்ளே வருவார், அவர் தேறினால் வெளியே போவார். சில வாரம் பெஞ்சு, சில வாரம் இரண்டாம் அணி.

இளம் வீரருக்கு உடம்பில் படும் அடியைவிட இது கடினமானது. காயத்துக்கு மருத்துவர் ஒரு கெடு சொல்வார், இதற்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. தனக்கு இடம் வேண்டுமென்றால் தன் அணியில் ஒருவர் சரியாக ஆடாமல் போகவேண்டும், அல்லது அவருக்கு அடிபட வேண்டும். வாரம் முழுவதும் கூடவே ஓடிப் பழகி, ஒரே மேசையில் சாப்பிடும் ஆள் அவர். அவருக்குக் கெடுதல் நினைக்காமலும் தன் ஆசையை விடாமலும் இருப்பது எளிதல்ல. தொழில் ஆட்டக்காரர்கள் இதைப் பற்றி வெளியே பேசுவது குறைவு. அலுவலகத்தில் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்களும் பேசுவதில்லை.

காத்திருப்பதா, கிளம்புவதா என்பதற்கு ஒரே விடை கிடையாது. கிட்டத்தட்ட அதே காலத்தில் மெல்பர்ன் ஸ்டார்ம் அணிக்கு வந்த கூப்பர் க்ராங்க் பல இடங்களில் மாற்று ஆளாக ஆடியபடி அங்கேயே இருந்தார். மேட் ஆர்ஃபர்ட் வேறு கிளப்புக்குப் போன பிறகு 2006-இல் 7-ஆம் எண் சட்டை அவரைத் தேடி வந்தது. தர்ஸ்டன் கிளம்பிப் போனார். ஒருவர் பொறுமைசாலி, மற்றவர் துணிச்சல்காரர் என்று பெயர் சூட்டலாம். இருவருமே தோற்றிருந்தால் அதே செயல்களுக்குச் சோம்பல் என்றும் அவசரம் என்றும் பெயர் வந்திருக்கும். பின்னாளில் குயின்ஸ்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருவரும் ஜோடியாகவே ஆடினார்கள்.

கிளம்புவதற்கு முன் 2004-இன் இறுதிப் போட்டி வந்தது. புல்டாக்ஸின் தலைவர் ஸ்டீவ் பிரைஸ். பெரிய உடம்பு, முன்வரிசை வீரர். 1994 முதல் அந்தக் கிளப்புக்கு 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். அடுத்த பருவத்தில் நியூசிலாந்தின் வாரியர்ஸ் அணிக்குப் போவதென்று முடிவாகியிருந்ததால், புல்டாக்ஸ் சட்டையில் அவருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அவருக்குக் காயம், இறுதிப் போட்டியில் ஆட முடியாது. களம் இறங்கும் 13 பேரும் பெஞ்சில் இருக்கும் 4 பேரும் சேர்ந்து 17 பேர். அந்தப் பதினேழில் காலியான இடத்துக்குத் தர்ஸ்டன் வந்தார். முன்வரிசை மல்லனின் காயத்தால் அணியின் ஒல்லியான ஆட்களில் ஒருவருக்கு இடம் கிடைத்தது.

2004 அக்டோபர் 3 அன்று சிட்னி ஒலிம்பிக் அரங்கில் 82,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எதிரே சிட்னி ரூஸ்டர்ஸ். இடைவேளையில் ரூஸ்டர்ஸ் 13, புல்டாக்ஸ் 6. இரண்டாம் பாதியில் ரூஸ்டர்ஸ் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. புல்டாக்ஸ் 16-க்கு ஏறியது. கடைசி நொடிகளில் ரூஸ்டர்ஸின் மைக்கேல் க்ராக்கர் கோட்டை நோக்கிப் பாய, பிரைஸுக்குப் பதில் தலைமை ஏற்றிருந்த ஆண்ட்ரூ ரயன் பாய்ந்து அவரை வீழ்த்தினார். 16–13. அந்த ஒரு பிடி நழுவியிருந்தால் கோப்பை மாறியிருக்கும். தர்ஸ்டன் பெஞ்சிலிருந்து வந்து ஆடினார், வென்ற அணியின் வீரர் என்ற முறையில் சாம்பியன் மோதிரம் பெற்றார். அதை பிரைஸிடம் கொடுத்துவிட்டார். அவர் கண்ணில் அது பிரைஸுக்குச் சேரவேண்டிய மோதிரம்.

இந்தச் செயலைப் பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பின்னாளில் ஆட்டம் முடிந்ததும் தன் தலைக்கவசத்தைக் கழற்றி, தடுப்போரம் நிற்கும் ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போவது தர்ஸ்டனின் வழக்கமாயிற்று. இரண்டையும் சேர்த்துக் கொடைக்குணம் என்பார்கள். இரண்டும் வேறு. தலைக்கவசம் அவருடையது, தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். மோதிரத்தை அவர் தன்னுடையது என்றே எண்ணவில்லை. முன்னது அன்பு, பின்னதில் இருப்பது ஒரு கணக்கு, அதுவும் தனக்கு எதிராகத் தானே போட்டுப் பார்த்த கணக்கு.

அந்தக் கணக்கு சரியா? மறுத்துச் சொல்ல நிறைய இருக்கிறது. இறுதிப் போட்டியில் பெஞ்சிலிருந்து வந்தவரும் அடி வாங்கியவர்தான். அந்தப் பருவத்தில் அவர் வேறு ஆட்டங்களும் ஆடியிருந்தார். பிறருடைய காயத்தால் கிடைத்த இடம் குறைவான இடம் என்றால், விளையாட்டு வரலாற்றில் பாதிப் பேரைக் கழிக்க வேண்டிவரும். ஏதோ ஒரு முழங்கால் முறுக்கிக்கொண்டதில்தான் பலருடைய தொடக்கமே இருக்கிறது. மோதிரம் இறுதிப் போட்டியில் ஆடியவருக்கு என்பதிலும் ஒரு நேர்மை உண்டு. அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான். விதிப்படி அது தர்ஸ்டனுக்கே உரியது.

ஆனால் விதி பார்ப்பது ஓர் இரவை மட்டும். பிரைஸ் பிப்ரவரி வெயிலிலிருந்து அந்த அணியைச் சுமந்தவர். விதியை மாற்ற யாராலும் முடியாது. பருவம் முழுவதையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவரால் அதன் பலனை இடம் மாற்ற மட்டும் முடியும். அதைச் செய்யக்கூடிய நிலையில் இருந்தவர் தர்ஸ்டன், செய்தார். 21 வயதில் அப்படிச் செய்ய, இன்னொன்று தன் கைக்கு வரும் என்ற நம்பிக்கையும் வேண்டியிருக்கும். நம்பிக்கை சரியாக இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது: 2015-இல், 32 வயதில், வட குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ் அணியின் இணைத் தலைவராக, கூடுதல் நேரத்தில் தானே உதைத்த ஒரு ஃபீல்டு கோலால் பிராங்கோஸை 17–16 என்று வென்றார். வராமல் போயிருந்தாலும் 2004-இன் செயலில் ஏதும் குறைந்திருக்காது. கொடுத்தவனுக்கே திரும்பி வரும் என்று இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் முடிச்சுப் போட்டுச் சொல்லும் வழக்கம்தான் அதைக் குறைக்கிறது. பதினோரு ஆண்டு கழித்து வருமென்று தெரிந்து கொடுப்பது வெறும் முதலீடு.

2005-இல் தர்ஸ்டன் கௌபாய்ஸுக்குப் போனார். பிரிஸ்பேனிலிருந்து வடக்கே 1,300 கிலோமீட்டருக்கு மேல், வெப்பமண்டலக் கடற்கரையில் இருக்கும் டவுன்ஸ்வில் அதன் ஊர். 1995-இல் போட்டியில் சேர்ந்த அந்தக் கிளப் 2004-க்கு முன் இறுதிச் சுற்றுகளையே எட்டிப்பார்த்ததில்லை. சிட்னியின் பழைய கிளப்பை விட்டு அங்கே போவது பலர் கண்ணுக்கு இறக்கமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே 7-ஆம் எண் சட்டை காலியாக இருந்தது. பயிற்சியாளர் கிரஹாம் மர்ரே அதை அவரிடம் கொடுத்தார். கடைசித் தடுப்பு வரிசையில் மேட் போவன் என்னும் மின்னல் இருந்தார். இவர் பந்தைக் கொண்டுவந்து வைக்கும் இடத்தில் அவர் வந்து நிற்பார். ஆள் அதே ஆள்தான். எந்தத் தவறு செய்தாலும் அடுத்த வாரமும் தனக்கு இடம் உண்டு என்று தெரிந்து ஆடுவது மட்டும் புதிது. பெஞ்சிலிருந்து வருபவர் ஒவ்வொரு பந்திலும் தன்னை நிரூபிக்கப் பார்ப்பார். இடம் உறுதியானவர் நல்ல பந்துக்காகக் காத்திருப்பார். ஹாஃப்பேக்கின் வேலையே அந்தக் காத்திருப்பு என்பதால், மற்ற இடங்களைவிட இங்கே வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சில மாதங்களில் குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு அழைப்பு வந்தது. நியூ சவுத் வேல்ஸுக்கு எதிரான ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடர், ஆண்டுக்கு மூன்று ஆட்டம். ஆஸ்திரேலியாவில் அதைவிடக் கடினமான ரக்பி லீக் இல்லை. மே மாதம் பிரிஸ்பேனில் நடந்த முதல் ஆட்டத்தில் குயின்ஸ்லாந்து ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது, நேரம் முடிந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளிக்கு ஃபீல்டு கோல் உண்டு. ஓடும் ஆட்டத்தில் பந்தைக் கையிலிருந்து தரையில் விட வேண்டும். அது தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்தில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே அனுப்ப வேண்டும். முட்டை வடிவப் பந்து தரையில் சற்றுச் சாய்ந்து விழுந்தாலும் எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. அதற்குள் மூன்று பேர் மேலே பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். முதல் ஆட்டம் ஆடும் 22 வயது இளைஞர் உதைத்தார். 20–20. கூடுதல் நேரத்தில் நியூ சவுத் வேல்ஸின் பிரெட் கிம்மர்லி கொடுத்த பந்தை நடுவழியில் பறித்துக்கொண்டு போவன் ஓடிய ஓட்டத்தில் குயின்ஸ்லாந்து வென்றது.

தொடரை வெல்ல முடியவில்லை. காயத்திலிருந்து மீண்டு இரண்டாம் ஆட்டத்துக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்ஸ் அதை நியூ சவுத் வேல்ஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அன்றைய உலகின் மிகச் சிறந்த ஹாஃப்பேக் எதிரே நின்று ஆடுவதை ஓர் இளம் ஹாஃப்பேக் அவ்வளவு அருகிலிருந்து பார்த்தது வீண்போயிருக்காது.

பருவத்தின் முடிவில் டேலி எம் பதக்கம் தர்ஸ்டனுக்குக் கிடைத்தது. ஓராண்டுக்கு முன் முதல் பதின்மூன்றில் நிலையான இடமில்லாதவர், இப்போது நாட்டின் சிறந்த வீரர். ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவர் குழு போட்ட புள்ளிகளைக் கூட்டித் தரும் விருது அது. ஓர் இரவில் முடிவாவதல்ல, பருவம் முழுவதையும் கணக்கில் எடுப்பது. இதை யாருக்கும் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எழக் காரணமில்லை.

கௌபாய்ஸ் தன் வரலாற்றில் முதல் முறையாக இறுதிப் போட்டிக்கும் வந்தது. அங்கே வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 30–16 என்று தோற்றது. ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் டைகர்ஸின் தலைவரும் ஹாஃப்பேக்குமான ஸ்காட் பிரின்ஸுக்குப் போனது. பிரின்ஸ் தொடங்கியதே கௌபாய்ஸில்தான். அங்கிருந்து பிராங்கோஸுக்குப் போய், கால் முறிவுகளில் காலம் இழந்து, மூன்றாவது கிளப்பில் தன் இடத்தைக் கண்டவர். ஒரு கிளப் கைவிட்ட ஹாஃப்பேக் இன்னொரு கிளப்பில் எழுந்து வருவது தர்ஸ்டனுக்கு மட்டும் நடந்த கதையல்ல. அன்று மாலை அந்தக் கதையின் மறுபக்கத்தில் அவர் நின்றார்.

தொடக்கக் காலம் அந்தத் தோல்வியோடு முடிகிறது. 2006-இல் குயின்ஸ்லாந்து ஆரிஜின் தொடரை வென்றது. அங்கிருந்து 2013 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 2005 முதல் 2016 வரை நடந்த 36 ஆரிஜின் ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தர்ஸ்டன் தவறவிடவில்லை. அவருக்கு இடம் உண்டா என்ற கேள்வியை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்தத் தேர்வாளரும் எழுப்ப நேரவில்லை.